ஜான் ஹௌலண்ட் வழி என்று சொல்லும் குடும்பம்: 1620 வரை ஆவணத்தோடு நிறுவுவது எப்படி?

நெய்தல்

அனைவருக்கும் வணக்கம். மருமகளின் தாய்வழியில், 1620-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஹௌலண்டின் வம்சம் நாங்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்காக அதை ஆவணமாக்க வேண்டும். கையில் மூன்று இருக்கின்றன. 1880-இல் ஓஹியோ மாநிலம் மாரியட்டாவில் வாழ்ந்த ஒரு தம்பதியின் பெயர்கள். அந்தக் கணவரின் அப்பாவோ தாத்தாவோ மெய்ன் பகுதியிலிருந்து வந்தார் என்ற குறிப்பு. இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த 13 தலைமுறைப் பட்டியல். எங்கே தொடங்கலாம்? டிஎன்ஏ சோதனை ஒன்றே போதுமா?

மூலப்பத்திரம்

வணக்கம் அம்மா. மனை வாங்கும்போது மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய கிரயம் வரை கைமாறிய ஒவ்வொரு பத்திரத்தையும் வக்கீல் கேட்பாரே, இதுவும் அந்த வேலைதான். நடுவில் ஒன்று விட்டுப்போனால் மற்றவை எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை. இங்கே பத்திரத்துக்குப் பதிலாக வேண்டியது, ‘இன்னார் இன்னாரின் பிள்ளை’ என்று சொல்லும் சான்று. ஒரே பெயர், ஒரே ஊர், பொருந்தும் வயது ஆகிய மூன்றும் கூடிவந்தாலும் அந்த உறவு நிரூபணம் ஆகிவிடாது.

பேரப்பிள்ளையிலிருந்து மேலே ஏறுங்கள். ஹௌலண்டிலிருந்து கீழே இறங்க வேண்டாம். ஹௌலண்டுக்குப் பத்துப் பிள்ளைகள், பத்துப் பேருக்கும் பெயர் தெரியும். மேலிருந்து இறங்கினால் நமக்கு வேண்டிய பெயர் ஏதாவதொரு கிளையில் எப்படியும் தட்டுப்படும். அதைப் பிடித்து ஒட்டவைக்கத்தான் மனசு சொல்லும். இணையப் பட்டியல்களில் பாதிக்குமேல் இப்படித் தவறுவதாகவே எனக்குப் படுகிறது.

மேல் பகுதியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1897-இல் தொடங்கிய மேஃபிளவர் வழித்தோன்றல்கள் சங்கம், பயணிகளின் முதல் ஐந்து தலைமுறைகளைச் சான்றுகளோடு தொகுத்து வெள்ளி நிற அட்டைபோட்ட தொகுதிகளாக வெளியிட்டு வருகிறது. ஐந்தாம் தலைமுறை என்றால் பெரும்பாலும் 1700-களின் நடுவில் பிறந்தவர்கள். உங்கள் ஏணி அவர்களில் ஒருவரைத் தொட்டுவிட்டால் அதற்கு மேலே ஏற்கெனவே கட்டிவைத்திருக்கிறார்கள்.

கீழ்ப் பகுதிக்கு உழைப்பு வேண்டும், ஆனால் திகைக்க வேண்டியதில்லை. ஓஹியோவில் 1908 டிசம்பர் முதல் பிறப்பு இறப்புகளை மாநில அளவில் பதிந்தார்கள். அதற்கு முன்னால், 1867 முதல், கவுண்டி (மாவட்டம்) அளவில் பதிவுகள் உண்டு. சான்றிதழ் வாங்கும்போது பெற்றோர் பெயர் உள்ள முழுப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். சுருக்கப் படிவத்தில் அது இருக்காது. இறப்புச் சான்றிதழில் ‘தகவல் தந்தவர்’ என்ற வரியை முதலில் பாருங்கள். இறந்த பாட்டியின் தாய்வீட்டுப் பெயரைச் சொன்னவர் அவருடைய மருமகன் என்றால், அதை ஒரு தடயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1850-இல்தான் வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரையும் எழுதத் தொடங்கினார்கள், அடிமைகளாக வைக்கப்பட்டவர்களைத் தவிர. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தியும், பெற்றோர் பிறந்த இடமும் 1880-இல்தான் வந்தன. ஆகவே 1850, 1860, 1870 பக்கங்களில் ஒரே குடும்பப் பெயரோடு ஒரு பையன் இருந்தால் அவன் மகனாகவும் இருக்கலாம், தம்பி மகனாகவும் இருக்கலாம். 1890 ஏடுகள் 1921 தீவிபத்தோடு ஏறத்தாழ முழுவதும் போய்விட்டன. அந்த இருபது ஆண்டு இடைவெளியில்தான் பிள்ளைகள் பிறந்து வீட்டைவிட்டே போயிருப்பார்கள்.

உண்மையான சிக்கல் 1780-க்கும் 1850-க்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் ‘மெய்ன்’ என்று வெறுமனே ஒரு சொல்லில் முடிந்துபோகும் இடம் அதுதான். அதைத் தனியாக எழுதுகிறேன்.

கிளைமரம்

அதற்குள் குடும்பப் பெயர் பற்றி ஒன்று. மருமகளின் முன்னோர் யாராவது ‘ஹௌலண்ட்’ என்ற பெயரோடு இருந்தாலும் அதனால் மேஃபிளவர் வழி என்று ஆகிவிடாது. ஜானின் சகோதரர்கள் ஆர்தர், ஹென்றி இருவரும் பின்னால், மேஃபிளவர் பயணிகள் அமைத்த பிளிமத் குடியேற்றத்துக்கு வந்து குடும்பமாகத் தழைத்தவர்கள். நியூ பெட்ஃபர்டில் திமிங்கில வேட்டைக் கப்பல்களால் பெரும் செல்வம் சேர்த்த ஹௌலண்டுகள் ஹென்றி வழி.

‘மூன்று சகோதரர்கள் கடல் கடந்து வந்தார்கள்’ என்ற கதை அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பெரும்பாலும் அதற்கு ஆதாரம் இருக்காது. ஹௌலண்ட் விஷயத்தில் மட்டும் அது மெய், ஆனால் ஒரே கப்பலில் வரவில்லை. ஆகையால் ‘ஹௌலண்ட்’ என்று ஒரு பெயர் கிடைத்த உடனே, மூவரில் யார் வழி என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஜானின் மூத்த மகள்கள் டிசையர், ஹோப் இருவரின் வழியும் பெரியது. டிசையர் ஜான் கோரமையும் ஹோப் ஜான் சிப்மனையும் மணந்தார்கள். இரண்டு குடும்பமும் கேப் காட் முனையில் உள்ள பார்ன்ஸ்டபிளில் வேரூன்றியவை. மெய்ன் என்று கேட்டதும் எனக்கு முதலில் கோரம்தான் நினைவுக்கு வருகிறது, காரணத்தைக் கீழே யாராவது சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

வாய்வழிச் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஹௌலண்ட் குடும்பமே நல்ல பாடம். ஜானின் மனைவி எலிசபெத், முதல் ஆளுநர் கார்வரின் மகள் என்று தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள், அச்சிலும் எழுதினார்கள். பிளிமத் ஆளுநர் பிராட்ஃபர்ட் எழுதிய குடியேற்ற வரலாற்றின் கையெழுத்துப் பிரதி லண்டன் பிஷப்பின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1856-இல் முழுமையாக அச்சேறியது. கப்பலில் வந்தவர்கள் யார், அவரவர் குடும்பம் என்ன ஆயிற்று என்று 1650 வாக்கில் பிராட்ஃபர்ட் எழுதிவைத்த பட்டியல் அதில் இருக்கிறது. ஹௌலண்ட் மணந்தது ஜான் டிலியின் மகள் எலிசபெத்தை என்று அங்கே தெளிவாக நிற்கிறது. உடனிருந்தவர் எழுதிய ஒரே வரி, இருநூறு ஆண்டுப் பேச்சைத் திருத்திவிட்டது. எலிசபெத்தின் ஞானஸ்நானப் பதிவும் இப்போது தெரிந்ததுதான்: பெட்ஃபர்ட்ஷயர் ஹென்லோ, 1607 ஆகஸ்ட் 30.

இன்னொரு அருமையான ஆவணம், 1627 மே மாத மாட்டுப் பங்கீடு. குடியேற்றத்துக்குப் பொதுவாக இருந்த மாடுகளையும் ஆடுகளையும் பிரிக்க, எல்லாரையும் 13 பேர் கொண்ட 12 குழுக்களாக எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு என்பதால் பெண்களும் கைக்குழந்தைகளும்கூடப் பெயரோடு வருகிறார்கள். நான்காவது பங்கில் ஹௌலண்ட், எலிசபெத், பிள்ளைகள் ஜான், டிசையர் என்று இருக்கிறது. அந்த மே மாதத்தில் அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள் என்பது மாட்டுக் கணக்கிலிருந்து தெரிகிறது!

நெய்தல்

மிக்க நன்றி இருவருக்கும். இணையப் பட்டியலில் ஏழாவது பெயர் கோரம் என்றுதான் இருக்கிறது. பார்ன்ஸ்டபிளில் பிறந்ததாக ஒரு வரி, அடுத்த தலைமுறை மெய்னில், அதற்கடுத்தது ஓஹியோவில். ஆதாரம் எதுவும் காட்டவில்லை. கண்டிப்பாக இதுதான் நீங்கள் சொன்ன இடைவெளி.

மூலப்பத்திரம்

ஆம் அம்மா, அதே இடம்தான்.

முதலில் ஏன் நகர்ந்தார்கள் என்று பார்த்துவிடலாம். ஆவணம் எங்கே கிடக்கும் என்பது அதிலிருந்துதான் தெரியும். டிசையரின் கணவர் கேப்டன் ஜான் கோரம் 1675-76-இல் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் நடந்த கிங் பிலிப் போரில் படை நடத்தி, காய்ச்சலில் இறந்தவர். அந்தப் போரின் நாரகன்செட் சண்டையில் இருந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் 1730-களில் மாசசூசெட்ஸ் ஏழு ஊர்களை ஒதுக்கியது. ஏழாவது ஊர் இன்றைய மெய்னில் உள்ள கோரம். போர்வீரர் பெயரும், உரிமை கோரிய வாரிசின் பெயரும் அருகருகே வரும் பட்டியல்கள் இந்த ஒதுக்கீட்டால் கிடைக்கின்றன. மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதியாகவே இருந்தது. ஆகவே 1820-க்கு முந்தைய தேடலில் மாசசூசெட்ஸ் தொகுப்புகளையும் விடாதீர்கள்.

1816-இல் கோடையே வராமல் ஜூனில் பனி விழுந்தது. முந்தைய ஆண்டு வெடித்த தம்போரா எரிமலைதான் காரணம். அதையொட்டிய ஆண்டுகளில் மெய்ன் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக ஓஹியோவுக்கு வண்டி கட்டினார்கள். உங்கள் ஆளும் அந்த அலையில் போயிருந்தால், 1815-க்கும் 1820-க்கும் இடையில் அவர் மெய்னில் நிலத்தை விற்ற பத்திரம் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையான பொருத்தம். பார்ன்ஸ்டபிள் கவுண்டியின் நிலப் பத்திர ஏடுகள் 1827 தீயில் ஏறத்தாழ முழுவதும் எரிந்தன. ஆனால் உயில் மற்றும் சொத்துப் பங்கீட்டு ஏடுகள் தப்பின. கோரம் ஊர் இருக்கும் கம்பர்லண்ட் கவுண்டியில் இது தலைகீழ்: 1908 தீயில் உயில் ஏடுகள் போயின, 1760 முதலான நிலப் பத்திரங்கள் இருக்கின்றன. ஆகவே தந்தை பார்ன்ஸ்டபிளில் இறந்திருந்தால் உயிலைத் தேடுங்கள், மெய்னில் இறந்திருந்தால் பத்திரத்தைத் தேடுங்கள். தப்பான இடத்தில் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்காது.

எந்தப் பத்திரம் என்றால், விடுதலைப் பத்திரம். மெய்னில் அப்பா இறந்த பின், ஓஹியோவில் குடியிருக்கும் மகன் தன் பங்கை அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்திருப்பார். ‘ஓஹியோ மாநிலம் மாரியட்டாவில் வசிக்கும் நான், என் தந்தை கோரம் ஊர் இன்னாரின் நிலத்தில் எனக்குள்ள பாகத்தை’ என்று அதில் வரும். இடம்பெயர்ந்தவரையும் அப்பாவையும் ஒரே வாக்கியத்தில் கட்டும் தாள் அது. அதைக் கண்டுபிடிக்க, எழுதிக்கொடுத்தவர் பெயர் அட்டவணையை அப்பா இறந்த ஆண்டிலிருந்து இருபது ஆண்டுகள் முன்னோக்கிப் படியுங்கள். மகன் பெயரில் இல்லாவிட்டால் அக்கா தங்கைகளின் கணவர் பெயர்களில் பாருங்கள். பெண் தன் பங்கை விற்கும்போது பத்திரத்தில் கணவன் பெயர்தான் முதலில் வரும்.

உயிலே இல்லாமல் இறந்திருந்தால் வருந்த வேண்டாம், பங்கீட்டுத் தாள்கள் பல நேரம் உயிலைவிட நல்ல சான்று. உயிலில் ஒரு பிள்ளை விடுபடலாம், பங்கீட்டில் விடுபட முடியாது. பழைய மாசசூசெட்ஸ் வழக்கில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. ஐந்து பிள்ளைகள் இருந்தால் சொத்தை ஆறாகப் பிரித்திருப்பார்கள். இரண்டு பாகம் யாருக்குப் போனதோ அவர்தான் மூத்த மகன்.

சாமி_அட்லாண்டா

நல்ல விளக்கம். ஒன்று கேட்கிறேன். உயிலில் ஒரு மகனுக்கு ஐந்து ஷில்லிங் மட்டும் எழுதியிருந்தால் அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தமா? 1850-க்கு முந்தைய கணக்கெடுப்பு வீண் என்றும் பல இடங்களில் எழுதுகிறார்கள்.

மூலப்பத்திரம்

ஐந்து ஷில்லிங் என்றால் பெரும்பாலும் ‘இவனுக்கு முன்பே கொடுத்தாயிற்று’ என்று பொருள். அந்த மகன் கல்யாணம் ஆன காலத்திலேயே நிலம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். பெயர் எழுதாமல் விட்டால் பின்னால் அவர் வழக்குப் போடலாம் என்பதற்காக ஒரு சிறு தொகை. உயில் தேதிக்கு முந்தைய பதினைந்து ஆண்டுப் பத்திரங்களில் ‘அன்பின் காரணமாக’ அப்பா மகனுக்கு எழுதிக்கொடுத்த நிலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

1790 முதல் 1840 வரை கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் எண்ணிக்கையாக வருவார்கள். வீண் என்று சொல்ல மாட்டேன். ‘16-க்கும் 26-க்கும் இடைப்பட்ட ஆண் ஒருவர்’ என்பதை 1800, 1810, 1820 என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், நீங்கள் நினைக்கும் மகன் அந்த வீட்டில் இருந்திருக்கவே முடியாது என்று தெரிந்துவிடும். அது ஒருவரை உறுதிப்படுத்த உதவாது, தவறானவரை நீக்க நன்றாக உதவும்.

கிளைமரம்

1840-க்கு ஒரு சேர்க்கை. அந்த ஆண்டு மட்டும், புரட்சிப் போர் (அமெரிக்க விடுதலைப் போர்) ஓய்வூதியம் வாங்கியவர்களின் பெயரையும் வயதையும் தனியாகக் குறித்தார்கள். ஒரு கிழவர் மகள் வீட்டில் இருந்தால், மருமகன் பெயருக்கு எதிரே கிழவர் பெயர் வரும்.

அந்த ஓய்வூதியக் கோப்புகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சுமார் 80,000 கோப்புகள் இருக்கின்றன, படம் எடுத்து இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். 1818 சட்டம் வறியவர்களுக்கானது. 1820-இல் சொத்துப் பட்டியல் கேட்டார்கள். ‘ஒரு பசு, இரண்டு நாற்காலி, மனைவி வயது 58, மகள் வயது 17, நோயாளி’ என்ற மாதிரி வீடே கண்முன் வரும். 1832 சட்டத்தில் மனுதாரர் எங்கே எப்போது பிறந்தார், போருக்குப் பின் எந்த எந்த ஊரில் இருந்தார் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். பார்ன்ஸ்டபிளிலிருந்து கோரமுக்கும் அங்கிருந்து ஓஹியோவுக்கும் போனதை அவர் வாயாலேயே சொல்லியிருப்பார். 1836, 1838 விதவைச் சட்டங்களில் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால், குடும்ப பைபிளில் பிள்ளைகள் பிறப்பு எழுதிய தாளையே கிழித்து அனுப்பியவர்கள் பலர். அந்தத் தாள்கள் இன்றும் கோப்புக்குள் இருக்கின்றன. ஒரு குடும்பம் தன் ஒரே பதிவைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

உங்கள் ஆளே போரில் இல்லாவிட்டாலும் அவர் அண்ணன் கோப்பைப் பாருங்கள். சாட்சி சொன்னவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்.

பொதிகை

தேதிகளில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை பழைய ஆண்டே. ஹௌலண்ட் இறந்தது 1672/3 பிப்ரவரி 23. இதை ஒருவர் சாய்கோட்டை விட்டுவிட்டு ‘1672 பிப்ரவரி 23’ என்று எழுதினால், உயில் எழுதியதற்கு முன்பே அவர் இறந்ததாக ஆகிவிடும், ஏனென்றால் உயில் 1672 மே 29. நம் கணக்கில் அது 1673 பிப்ரவரி. இப்படிப்பட்ட தேதியை நகல் எடுக்கும்போது இரண்டு ஆண்டையும் சாய்கோட்டோடு அப்படியே எழுதுங்கள், உங்கள் விளக்கத்தைத் தனிவரியில் வையுங்கள்.

மாதத்தை எண்ணால் குறித்திருந்தால் முதல் மாதம் மார்ச், பன்னிரண்டாம் மாதம் பிப்ரவரி. குழந்தை பிறந்து நான்கு மாதத்தில் அடுத்த குழந்தை என்று பட்டியலில் தெரிந்தால் காரணம் அநேகமாக இதுதான். 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14, அந்தப் பதினோரு நாளையும் மறக்க வேண்டாம்.

சொற்களும் ஏமாற்றும். அந்தக் காலத்தில் ‘சன் இன் லா’ என்றால் மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் திருமணத்து மகனாகவும் இருக்கலாம். ‘கசின்’ என்று அண்ணன் பிள்ளையையும் எழுதியிருக்கிறார்கள். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ அப்பா மகனாக இருக்க வேண்டியதில்லை, ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் மூத்தவர் இளையவர். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார்! ஒரே மனிதரை இரண்டு பேராகவும், இரண்டு பேரை ஒருவராகவும் எண்ணும் பிழை இதில்தான் நிறைய.

நெய்தல்

பட்டியலில் இரண்டு இடத்தில் மனைவி பெயர் வெறும் ‘மேரி’ என்று நிற்கிறது. ஒரு இடத்தில் ‘பாலி’. தாய்வீட்டுப் பெயர் தெரியாமல் போனால் சங்கிலி அறுந்துவிடுமா?

கிளைமரம்

கோடு அந்த மேரியின் கணவர் வழியாக மேலே போகிறது என்றால் அறுந்துவிடாது. மேரி வழியாகவே போகிறது என்றால் தாய்வீட்டுப் பெயர் இல்லாமல் அடுத்த படி கிடையாது.

‘பாலி’ என்பது மேரியின் செல்லப்பெயர். சாலி என்றால் சாரா, ‘பாட்டி’ (Patty) என்றால் மார்த்தா, நான்சி என்றால் ஆன். ஓர் ஊரின் பிறப்பு ஏட்டில் பாலியைத் தேடிக் கிடைக்காமல் விட்டுவிடாதீர்கள்.

தாய்வீட்டைப் பிடிக்க, பெண்ணின் அப்பாவாக இருக்கக்கூடியவர்களின் உயில்களைப் படிக்க வேண்டும். ‘என் மகள் மேரி கோரம்’ என்ற மூன்று சொல் போதும். திருமண அறிவிப்பையும் திருமணத்தையும் குழப்ப வேண்டாம். அறிவிப்பு மணமகன், மணமகள் இருவர் ஊரிலும் பதிவாகும், அதனால் அவள் ஊர் எது என்று தெரியும். ஆனால் அறிவித்த எல்லாரும் மணந்துவிடவில்லை. சபை ஏடுகளில் ஒரு சபையிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பிய பரிந்துரைக் கடிதம் பதிவாகும். கணவன் எங்கும் சபை உறுப்பினர் இல்லாவிட்டாலும் மனைவி இருப்பாள். குடும்பம் எங்கிருந்து வந்தது என்பது பல நேரம் அவள் பெயருக்கு எதிரேதான் எழுதியிருக்கும்.

ஒரே பெற்றோருக்கு இரண்டு மேரி இருந்தால் முதல் குழந்தை இறந்துவிட்டது, அதே பெயரை அடுத்ததற்கு வைத்திருக்கிறார்கள். முதல் மேரியின் பிறந்த தேதியை இரண்டாம் மேரிக்குப் போட்டுவிடாதீர்கள்.

மரபணுமேசை

டிஎன்ஏ பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேராகச் சொல்கிறேன், இந்தத் தூரத்துக்கு அது தனித்து நிற்காது.

சாதாரணச் சோதனை எல்லா முன்னோரிடமிருந்தும் வந்த துண்டுகளைப் பார்க்கிறது. பத்துத் தலைமுறை மேலே 1,024 இடங்கள். அவர்களில் குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து ஒரு துண்டுகூட வராமல் போவதற்கே பாதிக்கு மேல் வாய்ப்பு. பன்னிரண்டாம் தலைமுறைக்குப் போனால் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். உங்கள் பேரப்பிள்ளைகள் ஹௌலண்டிலிருந்து 13, 14 படி கீழே. பொருத்தம் இல்லை என்று வந்தால் வழி இல்லை என்று அர்த்தமல்ல. பொருத்தம் வந்தாலும் அது ஹௌலண்ட் வழியாக வந்ததா என்று சொல்ல முடியாது, கேப் காட் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கொண்டு கொடுத்தவை.

அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் தந்தைவழி ஒய் சோதனை, அறுபடாத ஆண்கோட்டுக்கு மட்டுமே. கிளைமரம் சொன்ன மூன்று சகோதரர்களை நினைத்துக்கொள்ளுங்கள்: ஜான், ஆர்தர், ஹென்றி மூவருக்கும் அப்பாவிடமிருந்து வந்தது அதே ஒய். ஹௌலண்ட் என்ற பெயரோடு இருப்பவர் ஹௌலண்ட் குடும்பம்தான் என்று அது காட்டும், மேஃபிளவர் ஜானா என்று காட்டாது. எலிசபெத் டிலியின் தாய்வழி டிஎன்ஏ, மகள், மகளின் மகள் என்று பெண்களாகவே இறங்கியிருந்தால்தான் இன்று ஒருவரிடம் இருக்கும். நடுவில் ஒரு ஆண் வந்தால் அங்கே நின்றுவிடும்.

உங்களுக்கு டிஎன்ஏ உதவும் இடம் ஓஹியோ-மெய்ன் இணைப்பு. 1820 வாக்கில் பிரிந்த சகோதரர்கள் வழி வந்தவர்கள் இன்று நான்காம், ஐந்தாம் வகைச் சொந்தம். குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மிக மூத்தவரிடம் மாதிரி எடுங்கள், ஒரு தலைமுறை மேலே இருப்பவரிடம் இரட்டிப்புத் தகவல் இருக்கும். ஓஹியோவுக்கே வராமல் மெய்னில் தங்கிய கிளையினர் பலரோடு பொருத்தம் வந்தால், பத்திரத்தில் கிடைத்த உறவுக்கு அது துணைச் சான்று.

சாந்தோம்வாசி

சென்னையில் உள்ளவர்களுக்காக ஒரு இணைப்பு. நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவிய தியோஃபிலஸ் ஈட்டனின் மனைவி ஆன், தன் முதல் கணவர் வழிப் பிள்ளைகளோடு அங்கே வந்தவர். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான டேவிட் யேலின் மகன் எலைஹு யேல் 1649-இல் பாஸ்டனில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1687 முதல் 1692 வரை நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் அவர்தான். கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரி தேவாலயத் திருமண ஏட்டின் முதல் பதிவு 1680 நவம்பர் 4, எலைஹு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவைக்கும் நடந்த திருமணம். நியூ இங்கிலாந்துக் குடும்பத்தைத் தேடுகிறவர் சென்னை ஏட்டைப் புரட்ட வேண்டியும் வரலாம்.

மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பிரிவில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தேடத் தொடங்கும் இடமும் அதுவே.

சாமி_அட்லாண்டா

இங்கிலாந்து வரை போக வேண்டுமென்றால்? சிலர் அரச வம்சம் வரை கொண்டுபோய்விடுகிறார்களே.

பொதிகை

அங்கே மிகவும் கவனம் வேண்டும். இங்கிலாந்தின் திருச்சபை ஏடுகள் 1538-இல் தொடங்குகின்றன, ஆனால் எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது தப்பவில்லை. பெயர் பொருந்தும் ஞானஸ்நானம் ஒன்று கிடைத்த உடனே இவர்தான் என்று முடிவு கட்டக் கூடாது. அந்தக் குழந்தை சிறுவயதிலேயே இறந்ததா, ஊரிலேயே மணந்து தங்கியதா என்று அடக்க ஏட்டையும் திருமண ஏட்டையும் பார்த்த பிறகே மேலே போகலாம். எல்லாவற்றிலும் வலுவான சான்று, ஊரில் தங்கிவிட்ட உறவினரின் உயிலில் ‘நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பிக்கு’ என்று வரும் வரி.

நாற்பது ஐம்பது பக்கம் அழகாக அச்சிட்ட பழைய வம்சாவளிப் புத்தகங்களையும் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். குஸ்தாவ் ஆன்ஜூ என்பவர் பணம் வாங்கிக்கொண்டு பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளிகள் தயாரித்தார், இல்லாத உயில்களையே எழுதிச் சேர்த்தார். அவர் 1942-இல் இறந்துவிட்டார், அந்தப் பட்டியல்கள் இணையத்தில் இன்னும் நகலாகிக்கொண்டிருக்கின்றன.

மூலப்பத்திரம்

நெய்தல் அம்மாவுக்குக் கடைசியாக விண்ணப்ப விவரம். மேஃபிளவர் சங்கத்தில் சேரும் எண்ணம் இல்லாவிட்டாலும் அவர்கள் கேட்கும் முறையில் கோப்பு வைத்தால் ஓட்டை எங்கே என்று தானாகத் தெரியும். தலைமுறைக்கு ஒரு உறை. உறைக்குள் கணவன், மனைவி இருவருடைய பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் தேதி, இடம், சான்று. உறையின் மேல் ஒரே ஒரு கேள்வி: இவர் முந்தைய உறைக்காரரின் பிள்ளை என்று எந்தத் தாள் சொல்கிறது? இரத்த வழியைத்தான் ஏற்பார்கள், தத்தெடுத்த வழி செல்லாது. விண்ணப்பம் அவரவர் மாநிலக் கிளை வழியாகப் போகும், அங்கே ஒரு வரலாற்றாளர் சரிபார்ப்பார். அதே கோட்டில் வேறொரு சொந்தக்காரர் முன்பே சேர்ந்திருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள், பாதி வேலை குறையும்.

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் பழைய பத்திரங்கள், உயில்களின் கையெழுத்தை இயந்திரமே படித்துத் தேடித்தரும் வசதி 2024-இல் வந்தது. இலவசம். ‘கோரம்’, ‘மாரியட்டா’ இரண்டையும் சேர்த்து, இடத்தைக் கம்பர்லண்ட் கவுண்டி என்று குறுக்கி, 1815 முதல் 1850 வரை தேடுங்கள். பழைய நீண்ட ‘எஸ்’ எழுத்தை இயந்திரம் ‘எஃப்’ என்று படித்துவிடும், அதையும் மாற்றிப்போட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பத்திரம் இல்லை என்று முடிவு செய்யாமல், எழுதிக்கொடுத்தவர் அட்டவணையைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

நெய்தல்

உறைகள் போடத் தொடங்குகிறேன். 1880-இலிருந்து கீழே மூன்று உறைக்குச் சான்றிதழ் கேட்டு எழுதுகிறேன், முழுப் படிவம் என்று குறிப்பிட்டே. கம்பர்லண்ட் அட்டவணையில் கோரம் என்ற குடும்பப் பெயரும் கோரம் என்ற ஊர்ப் பெயரும் கலந்து வந்தால் பிரிப்பது எப்படி?

கிளைமரம்

அட்டவணையில் குடும்பப் பெயர் முதல் பத்தியில், ஊர்ப் பெயர் கடைசிப் பத்தியில் இருக்கும், அங்கே குழப்பம் வராது. இயந்திரத் தேடலில்தான் வரும். அதற்குக் குடும்பப் பெயரோடு இயற்பெயரையும் மேற்கோள்குறிக்குள் ஒன்றாகப் போடுங்கள். அப்படியும் நிறைய வந்தால் அவர் மனைவியின் இயற்பெயரையும் சேர்த்துப் பாருங்கள். நிலம் விற்கும்போது மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவார், கணவன் மனைவி இருவர் பெயரும் ஒரே தாளில் வரும்.